உப்பை வென்ற செடிகள்



சிதம்பரத்திற்குத் தில்லை என்று ஒரு பெயர் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பெயர் ஒரு மரத்தின் பெயர். ஆனால் இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே கடலோரம் உள்ள பிச்சாவரத்திற்குச் செல்வது நலம். தில்லை உவர்நிலத்து மரம். உப்பு நீர் வந்து போகும் கழிமுகங்களே அதற்கு உவந்த இடம். அங்கே அதனுடன் வாழும் செடிகொடிகளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகின்றேன்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. பயிர்களின் கதையோ வேறு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அந்நீரை நெல்வயலில் பாய்ச்சினால் பயிர் கருகிவிடும். இதற்குக் காரணங்கள் இரண்டு. வேரின் சாற்றைவிட மண்ணிலுள்ள நீர் அடர்த்தி மிகுந்ததாகிவிடுவதால், நீர் வேருக்குள் புக மறுக்கிறது. கடல் நடுவே தாகத்தால் தவிக்கும் மாலுமியைப் போல, செடி ஈரத்தில் நின்றுகொண்டே வாடுகிறது. இது முதற் காரணம். உள்ளே புகுந்த சோடியம், பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தைப் பற்றிக்கொண்டு, உயிரணுக்களின் வேலைகளைக் கெடுக்கிறது. இது இரண்டாவது காரணம்.

அவ்வாறாயின் பிச்சாவரத்துச் செடிகள் எங்ஙனம் பிழைக்கின்றன? அவை கையாளும் வழிகளுள் மூன்றினைக் காண்போம்.

முதல் வழி, வாயிலிலேயே தடுத்தல். சுரபுன்னையின் வேர் ஒரு வடிகட்டி போன்றது. அது நீரை உள்ளே விட்டு, உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது.

இரண்டாவது வழி, புகுந்ததை வெளியேற்றுதல். வெண்கண்டலின் வேரும் உப்பைப் பெரிதும் தடுக்கிறது. எனினும் தப்பி நுழைந்த உப்பை இலைகளிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. படகில் செல்லும்போது ஓர் இலையைப் பறித்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதன்மேல் உப்புப் பொடி மின்னியது. மழை பெய்தால் அது கழுவப்பட்டுவிடும்.

மூன்றாவது வழி, சிறை வைத்தல். உமரிச் செடியின் இலை தடித்துச் சாறு நிறைந்தது. அது உப்பை உயிரணுவின் நடுவேயுள்ள நுண்குமிழில் அடைத்துவிடுகிறது. குமிழைச் சூழ்ந்த உயிர்ப்பொருளில் தீங்கற்ற வேறு கரைபொருள்களைச் சேர்த்து, இருபுறமும் அடர்த்தியைச் சமன் செய்துகொள்கிறது. நஞ்சாக இருந்த உப்பே மண்ணிலிருந்து நீரை ஈர்க்கும் கருவியாக மாறுவது வியப்பன்றோ!

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. இவ்வேலைகளுக்கெல்லாம் ஆற்றல் செலவாகிறது. ஆகவேதான் கண்டல் இனங்கள் பலவும் முழுக் கடல்நீரில் வளர்வதைவிட, நன்னீர் கலந்த உவர்நீரில் செழித்து வளர்கின்றன. அவை உப்பைப் பொறுப்பன. எல்லையின்றி விரும்புவன அல்ல. ஆற்றுநீர் கழிமுகத்தை வந்தடையாவிடில் அவற்றுக்கும் துன்பமே.

இவ்வாராய்ச்சியால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் வினவலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்து வயல்களில் புகுந்து உப்பைப் படியவிட்டுச் சென்றது. அலை வடிந்த பின்னும் உழவரின் துயர் வடியவில்லை. நிலத்தடி நீரை மிகுதியாக இறைக்கும் கடலோர ஊர்களிலோ, பேரலை இன்றியே கடல்நீர் மண்ணுக்கடியில் மெல்ல முன்னேறுகிறது.

இதற்கு விடை தேடுவோர் இரு திசைகளில் நோக்குகின்றனர். கேரளத்தின் உவர்நிலங்களில் பொக்காளி என்னும் நெல்லைப் பயிரிடுவர். பருவமழை உப்பைக் கழுவும் மாதங்களில் நெல். உவர்நீர் திரும்பியதும் அதே வயலில் இறால். அந்நெல்லின் உப்புத் தாங்கும் பண்பைப் பிற நெல் வகைகளில் சேர்க்க அறிஞர்கள் முயன்று வருகின்றனர். சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வெண்கண்டலின் மரபணுவை நெல்லில் செலுத்தி ஆராய்ந்துள்ளனர். ஆனால் பல மரபணுக்கள் கூடி ஆற்றும் செயலாதலால், இவ்வழி எளிதன்று.

மாணவ நண்பர்களே, வாய்ப்பு நேர்ந்தால் பிச்சாவரம் சென்று வாருங்கள். தில்லை மரத்தின் பால் கண்ணுக்குக் கேடு தருவதாகையால் அதனைத் தொடாதீர்கள். வெண்கண்டலின் இலையை மட்டும் உற்று நோக்குங்கள். ஒரு சிறு இலை ஓய்வின்றி உப்புடன் போராடுவதை அங்கே காண்பீர்கள். நம் வயல்களுக்கு நாளை வேண்டியிருக்கும் பாடம் அதில் அடங்கியிருக்கிறது.