காதுக்குள் கேட்கும் சத்தம் மாறுகிறதா? எழுதி வைப்போம், எடுத்துச் சொல்வோம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், லயக் கூரை, தண்ணீர் என்று பேசும் நமது கூட்டத்தில் இன்று காதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஸ்டோரில் பல வருடம் நின்றவர்களைக் கேட்டால், "வேலை முடிஞ்சு காம்பராவுக்கு வந்த பிறகும் மெஷின் காதுக்குள்ள ஓடுது" என்கிறார்கள். சிலர் அதைக்கூடச் சொல்வதில்லை. சொன்னால் ஸ்டோர் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயம். மூளை குழம்பிவிட்டது என்று ஊர் பேசுமோ என்று வெட்கம்.

இது பேயுமல்ல, பைத்தியமுமல்ல. வைத்தியர்கள் இதை டினிட்டஸ் என்பார்கள். நாம் காது இரைச்சல் என்கிறோம். வெளியே சத்தம் எதுவும் இல்லாதபோதும் ஒருவருக்கு மட்டும் கேட்கும் சத்தம் அது. ஒருவருக்கு 'கொய்ங்' என்று, இன்னொருவருக்குச் சில்வண்டு போல, வேறொருவருக்கு ஆவி சீறுவது போலக் கேட்கும்.

காதின் உள்ளே நத்தை ஓடு போன்ற ஒரு உறுப்பு உண்டு. அதில் மயிரிழை போன்ற நுனிகளைக் கொண்ட உயிரணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புவது அவைதான். புல்லின் மேல் ஒருநாள் நடந்தால் புல் சாயும், மறுநாள் நிமிரும். தினமும் அதே இடத்தில் நடந்தால் அங்கே பாதை விழும், பிறகு புல் முளைக்காது. காதும் அப்படித்தான். செத்த உயிரணு மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. அந்தப் பக்கமிருந்து வரவேண்டிய சத்தம் வராதபோது, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது போல மூளை தன் பக்கத்தில் கூட்டிப் பார்க்கிறது. அந்த இரைச்சல்தான் நமக்குக் கேட்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் விளக்குகிறார்கள்.

இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது, இந்தச் சத்தம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதைத்தான். ஆரம்பத்தில் வேலை முடிந்ததும் காது அடைத்து இரைகிறது, விடிந்தால் போய்விடுகிறது. பிறகு லீவு நாளிலும் நிற்பதில்லை. அதன் பிறகு நிரந்தரமாகிவிடுகிறது. விடிந்ததும் போகிற காலத்திலேயே காதைக் காப்பாற்ற வேண்டும். இரைச்சல் நின்றதால் பாதிப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் திரும்பி வந்தால் அது எச்சரிக்கை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1886ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தோமஸ் பார் என்ற காது வைத்தியர் போயிலர் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூடக் காது முழுமையாகக் கேட்கவில்லை. ஆகவே, "வயசு போனா அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் அதை முழுவதுமாக ஏற்கத் தேவையில்லை.

நிரந்தரமான இரைச்சலும் ஏறி இறங்கும். தூக்கம் கெட்டால், கடன் கவலை வந்தால், தடிமன் பிடித்தால், காதில் குறும்பி அடைத்தால் கூடும். இரவில் எல்லாம் அடங்கியதும் பெரிதாகக் கேட்கும். சில மருந்துகளாலும் கூடலாம், ஆனால் வைத்தியரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். நல்ல செய்தியும் உண்டு. மாதங்கள் போகப் போக மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடப் பழகுகிறது. சத்தம் இருந்தாலும் தொல்லை குறைகிறது. படுக்கும்போது ரேடியோவை மெதுவாக வைப்பது பலருக்கு உதவும். கேள்வி குறைந்தவர்களுக்குச் செவிப்புலன் கருவி கொடுத்தால் இரைச்சலும் அடங்குவதுண்டு. இதைத் துடைத்தெடுக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அப்படி விற்க வருபவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். காதில் சூடான எண்ணெய் விடுவதும், கொண்டை ஊசியால் குடைவதும் வேண்டாம்.

ஆனால் சில மாற்றங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் கடந்தால் கேள்வி திரும்பும் வாய்ப்புக் குறையும். இரைச்சலோடு முகம் கோணினாலும், கடும் தலைச்சுற்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். நாடித்துடிப்போடு சேர்ந்து அடிப்பது போல் கேட்டாலும், ஒரு காதில் மட்டும் நின்றாலும், காதில் சீழ் வந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூப்பிட்டால் திரும்பாத மனிதரைத் திமிர் பிடித்தவர் என்று ஏசாதீர்கள். முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள். பிள்ளைகளே, அப்பா டீவிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அம்மாவிடம் சொல்லுங்கள்.

தோழர்களே, அளவு என்று ஒன்று இருக்கிறது. 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது தொழில் சுகாதாரத் துறையில் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம். நம்மிடம் அளக்கும் கருவி இல்லை. ஆனால் ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால், அந்த இடத்தை அளக்க வேண்டும் என்று கேட்க அதுவே போதும். பஞ்சை உருட்டி வைப்பது காவல் ஆகாது. அதற்கென்று செய்த காதடைப்பானோ காதுமூடியோ வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்டோர் தொழிலாளியும் ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, எந்த மெஷினில் நின்றோம், எத்தனை மணி நேரம், இரைச்சல் எப்போது வந்தது, எப்போது போனது, சத்தம் எப்படி மாறியது என்று எழுதுங்கள். எழுதக் கஷ்டமானால் பிள்ளைகள் எழுதுவார்கள், அதற்காகத்தானே படிக்க வைத்தோம். டிஸ்பென்சரிக்குப் போனால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நட்டஈடு பற்றிப் பேச வேண்டிய நாள் வந்தால், வாய்ப் பேச்சைவிட அந்தக் கொப்பிக்குப் பலம் அதிகம்.

நிர்வாகத்திடம் நாம் கேட்பவை நான்கு. மெஷின்களுக்குப் பக்கத்தில் சத்தத்தை அளக்க வேண்டும். தேய்ந்த பெயாரிங்கையும் ஆடும் தகரத்தையும் சரிசெய்து சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும். காதுமூடி இலவசமாகத் தந்து ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்த வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கேள்விப் பரிசோதனை நடத்த வேண்டும். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் உரியது. நிர்வாகம் காது கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்திடம் எழுத்தில் முறையிடுவோம்.

காது இரைகிறது என்று சொன்னவருக்கு வேலை போகக் கூடாது, பெயர் குறையக் கூடாது. அந்தப் பொறுப்பைச் சங்கம் எடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வரும் ஞாயிறு கமிட்டிக்குக் கொப்பியோடு வாருங்கள்.