பழைய காரின் எச்சரிக்கை விளக்கு



பழைய மோட்டார் வண்டியொன்றைப் பேணிவரும் குடும்பத்துக்கு அது வெறும் வாகனம் மாத்திரமன்று; பல ஆண்டுச் சேமிப்பின் பலன். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் வழி திறந்தது. ஆகவே, இருபது ஆண்டு கடந்த வண்டிகளையும் கைவிடாது ஓட்டவேண்டிய நிலை பலருக்கு நேர்ந்தது. அத்தகைய வண்டியொன்றின் முகப்பில் ஒருநாள் எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு எரிகின்றது. கராச்சிலே கணினிக் கருவியைப் பொருத்திப் பார்த்தவர், ‘பி 0420’ என்ற குறியீட்டைக் காட்டி, “கற்றலிற்றிக் கொன்வேட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார். விலையைக் கேட்ட உரிமையாளர் திகைத்து நிற்கிறார். பணத்தை எடுக்குமுன் அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அக்குறியீடு சொல்வது நோயையா, நோயின் அறிகுறியை மாத்திரமா?

இதற்கு விடை காண, ஊக்கி மாற்றி எனப்படும் அக்கருவியின் தொழிலை அறிதல் வேண்டும். ஒரு பங்கு நிறையுள்ள பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு நிறையுள்ள காற்று வேண்டும். எவ்வளவு செம்மையாக எரிந்தாலும், புகையிலே காபனோரொட்சைட்டும், எரியாத ஐதரோகாபன்களும், நைதரசன் ஒட்சைட்டுகளும் எஞ்சிநிற்கும். இவற்றுள் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற கொடிய நஞ்சு. இம்மூன்றையும் தீங்கு குறைந்த பொருள்களாக மாற்றுவதே ஊக்கி மாற்றியின் தொழில். தேனடை போன்ற நுண்துளைகளையுடைய பீங்கான் கட்டியின்மேல் பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். அதன் விலையுயர்வுக்கு இவ்வுலோகங்களே பெருங் காரணம்.

பிரான்சிலே பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய இயூஜின் ஹூட்றி என்னும் பொறியியலாளர் 1950களிலேயே இத்தகைய கருவியை ஆக்கினார். ஆயினும், அக்காலப் பெற்றோலிற் கலந்திருந்த ஈயம் ஊக்கியைக் கெடுத்தது. ஈயமற்ற பெற்றோல் வந்தபின்னரே, 1975ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கம், அமெரிக்கக் கார்களில் அது பரவலாயிற்று. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் விலக்கப்பட்டது. ஊக்கி பெரும்பாலும் தானாக அழிவதில்லை, பிறிதொன்றினாற் கெடுக்கப்படுகின்றது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

இனி ஒட்சிசன் சென்சரைப் பார்ப்போம். புகைக் குழாயில் எஞ்சியுள்ள ஒட்சிசனின் அளவை இது மின்னழுத்தமாக அறிவிக்கின்றது. ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்குமேற் சூடேறிய பின்னரே இது செவ்வனே இயங்கும். பெற்றோல் மிகுந்தால் 0.9 வோல்ற்றை அண்டும். காற்று மிகுந்தால் 0.1 வோல்ற்றுக்கு இறங்கும். ஊக்கி மாற்றிக்கு முன்னுள்ள சென்சர் இவ்விரண்டுக்குமிடையே ஓயாது ஊசலாட வேண்டும். பின்னுள்ளது ஏறத்தாழ அசையாது நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப்போல ஊசலாடினால், ஊக்கி ஒட்சிசனைச் சேமித்துவைக்கும் ஆற்றலை இழந்ததெனக் கணினி முடிவுசெய்து விளக்கை ஏற்றுகின்றது. ஆனால், சாட்சியே பிழையாயின் தீர்ப்பும் பிழையன்றோ? ஆகவே, சாட்சியை முதலில் விசாரிக்க வேண்டும்.

முதலாவதாக, குழாயின் இணைப்புகளைக் கண்ணாலும் காதாலும் சோதித்தல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்டாலோ, இணைப்பிற் கரி படிந்திருந்தாலோ அங்கே கசிவுண்டு. அவ்வழியே புகும் வெளிக்காற்று சென்சரை ஏமாற்றிவிடும்.

இரண்டாவதாக, வேறு குறியீடுகள் உளவோ எனப் பார்த்தல் வேண்டும். பி 0300 தொடரிலுள்ளவை எஞ்சினில் எரிதல் தவறுவதைக் குறிப்பன. பி 0135, பி 0141 என்பன சென்சரின் சூடாக்கியின் குறையைக் குறிப்பன. இவற்றைத் தீர்த்த பின்னரே ஊக்கியைப்பற்றிப் பேசலாம்.

மூன்றாவதாக, எஞ்சின் நன்கு சூடேறியபின், உயர்தடையுள்ள இலக்க வோல்ற்றுமானியால் முன் சென்சரை அளத்தல் வேண்டும். அக்சிலறேற்றரைச் சட்டென அழுத்தும்போது அளவு ஏறவேண்டும். எஞ்சினின் வெற்றிடக் குழாயொன்றைச் சிறிது கழற்றும்போது இறங்கவேண்டும். எதற்கும் அசையாது 0.45 வோல்ற்றளவில் நின்றால் சென்சரிலோ அதன் மின்கம்பியிலோ பழுதுண்டு. பிற்கால வண்டிகள் சிலவற்றில் முன்னே இருப்பது வேறுவகைச் சென்சராகையால், இக்கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது.

நான்காவதாகவே ஊக்கி மாற்றியை நாடவேண்டும். குளிர்ந்த நிலையில் இறப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கலகலத்தால், உள்ளே பீங்கான் உடைந்துள்ளது. வெற்றிடமானியைப் பொருத்தி, நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் எஞ்சினைச் சிறிது நேரம் வைத்திருக்க, அளவு படிப்படியாக வீழ்ந்தால், வழி அடைபட்டிருக்கலாம். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்குவதும் இவ்வடைப்பின் அறிகுறி. இச்சோதனைகளைத் திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும். மூடிய கராச்சினுட் புகை உயிரைக் குடிக்கும்.

ஊக்கி கெட்டதென்பது உறுதியானாலும், அதைக் கெடுத்தது எது என்பது அடுத்த கேள்வி. பழைய பிளக்கோ கொயிலோ தவறினால், எரியாத பெற்றோல் ஊக்கியினுட் சென்று எரிந்து பீங்கானையே உருக்கிவிடும். எஞ்சின் ஒயில் எரிந்தால் அதிலுள்ள பொசுபரசு ஊக்கியின்மேற் படியும். றேடியேற்றர் நீர் சிலிண்டரினுட் கசிந்தால் அதிற் கலந்துள்ள குளிர்த்தி சென்சரையும் கெடுக்கும். மூலத்தை விட்டுவிட்டுப் புதிய கருவியைப் பொருத்துவோர், ஓட்டைக் குடத்துக்கு மீண்டும் நீர் வார்ப்போரே ஆவர்.

செலவுக்கு அஞ்சி, உள்ளிருக்கும் பீங்கானை இடித்தெடுத்து வெறுங் கூட்டை மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. பிரித்தெடுத்த கட்டியின் உலோகம் எவர் கைக்கோ போகும். நஞ்சு தெருவுக்கு வரும். இலங்கையில் 2008 தொடக்கம் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனை, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வேண்டப்படுவது. அதிற் தப்பினாலும், பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளையின் மூச்சுக்குத் தப்பமுடியுமா?

ஆதலால், விளக்கு எரிந்தவுடன் அதை அணைக்கச் சொல்லாமல், “எந்தெந்தச் சோதனைகளைச் செய்தீர்கள்? அளவுகள் யாவை?” என்று கராச்சிலே பணிவாகக் கேட்பது உரிமையாளரின் கடமை. நல்ல திருத்துநர் அக்கேள்விக்கு முகஞ்சுழியார். கசிந்த இணைப்பு ஒன்றுக்கான சிறு செலவோடு முடியவேண்டிய வேலைக்கு, ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்புப் போகாமற் காப்பது அக்கேள்வியே.