நம்பர் ஊருக்குத் தெரியலாம், சாவி நம்மிடம் இருக்கட்டும்

(வடக்குத்தில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூலித்து, தீர்மானம் எழுதி, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். முந்திரி வியாபாரம் செய்கிற ஒரு அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். "இது வந்து இருபது நாளாச்சும்மா. வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டலை" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். ஜி.எஸ்.டி. பாக்கி கேட்டு வந்த நோட்டீஸ். அந்த அக்கா பெயரில் பழைய இரும்பு வியாபாரம் நடக்கிறதாம், லட்சக்கணக்கில் வரி கட்ட வேண்டுமாம். அவரோ இரும்புக் கடை வாசலை மிதித்ததே இல்லை. நிதானமாகக் கேட்டபோது விஷயம் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் "மானியக் கடன் வாங்கித் தர்றேன்" என்று ஒருவர் வந்திருக்கிறார். பான் கார்டு, ஆதார், கரண்ட் பில் மூன்றுக்கும் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறார். போனுக்கு வந்த ஓ.டி.பி. நம்பரையும் படித்துச் சொல்லியிருக்கிறார். கடனும் வரவில்லை, அந்த ஆளும் திரும்ப வரவில்லை.

"என் பேரைச் சொல்லாம, நடந்ததை மட்டும் எல்லா குழுவுக்கும் சொல்லுங்க" என்று அந்த அக்காவே சொன்னார். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறோம்.

இது நம்ம பக்கம் மட்டும் நடக்கிற காரியமில்லை. 2023 ஆரம்பத்தில் குஜராத் மாநிலம் பாலிதானாவில் ஒரு மோசடி வெளியே வந்தது. அரசுத் திட்டத்தில் பணம் வரும் என்று ஏழை ஜனங்களை ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஆதாரில் இருந்த செல்போன் நம்பரை மாற்றி, அவர்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஜூன் மாதம் நொய்டா போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தபோது, 2,660 போலி நிறுவனங்களின் பட்டியல் கிடைத்தது. எல்லாம் யாரோ ஒருவருடைய பான், ஆதாரை வைத்துத் தொடங்கியவை. 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுக்க அதிகாரிகள் நேரில் போய்ச் சோதித்தார்கள். பதிவில் இருந்தும் அந்த இடத்தில் இல்லாத நிறுவனங்கள் 21,791. சந்தேகப்படும் வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்று நம் பெயரைத் தேடி வருகிறார்கள்? இதைப் புரிந்துகொண்டால்தான் பாதுகாப்பும் புரியும். ஒருவர் 10 லட்சம் ரூபாய்க்கு இரும்பு விற்றதாக வெறும் பில் போடுகிறார். சரக்கு கிடையாது, லாரியும் கிடையாது. இரும்புக்கு 18 சதவீதம் வரி. ஆக பில்லில் வரி மட்டும் 1,80,000 ரூபாய். அந்த பில்லை வாங்கிக்கொண்ட முதலாளி, "நான் ஏற்கெனவே 1,80,000 வரி கொடுத்துவிட்டேன்" என்று தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். பில் போட்டவருக்குக் கமிஷன். அரசாங்கத்துக்கு ஒரு பைசா போகவில்லை. கடைசியில் அதிகாரி, பில் போட்ட நிறுவனத்தைத் தேடுவார். அந்த விலாசம்தான் நம்ம வீடு.

ஜி.எஸ்.டி. எண்ணில் மொத்தம் 15 எழுத்தும் இலக்கமும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அப்படியே பான் நம்பர். ஆக, பான் கார்டு ஜெராக்ஸ் கொடுப்பது பாதி ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுப்பது போலத்தான்.

"அப்போ நம்பரை யாருக்கும் காட்டக்கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படியில்லை. பதிவு பெற்றவர்கள் கடைப் பலகையில் ஜி.எஸ்.டி. எண்ணை எழுதியே ஆக வேண்டும். பில்லிலும் வரும். வீட்டுக் கதவு எண் ஊருக்கே தெரியும், அதனால் திருடன் உள்ளே வந்துவிட முடியாது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம். நம் சாவி எது? ஆதாரோடு இணைந்த செல்போன், அதில் வரும் ஓ.டி.பி., நம் கைரேகை, ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு. இந்த நான்கும்தான்.

ஆகவே கீழே சொல்வதை ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர் படித்துக் காட்ட வேண்டும்.

1. முதலில், நமக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு, வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். தையல், சமையல் போன்ற சேவைக்கு 20 லட்சம். வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்புவதற்கு விதி வேறு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "உங்க பேர்ல ஜி.எஸ்.டி. எடுத்தாத்தான் கடன்" என்று யாராவது சொன்னால் உடனே வங்கியில் நேரில் கேளுங்கள். பதிவுக்கு அரசாங்கம் கட்டணமும் வாங்குவதில்லை.

2. ஜெராக்ஸ் கொடுத்தால், அதன்மேலேயே குறுக்காக எழுதுங்கள்: எதற்காக, யாருக்கு, என்ன தேதி, பிறகு கையெழுத்து. "இந்தியன் வங்கி குழுக் கடனுக்கு மட்டும்" என்று எழுதிய காகிதத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது கஷ்டம். ஆதாருக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற பிரதியும் உண்டு. அது போதுமென்றால் அதைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கெட்டுப்போன பிரதியையும் கையோடு வாங்கி வாருங்கள்.

3. ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். நம்மவர்தானே, பக்கத்துத் தெருதானே என்றும் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்டாலும் சொல்லாதீர்கள். என்ன மெசேஜ் என்று படித்துப் புரிந்த பிறகுதான் நாமே அடிக்க வேண்டும். இங்கிலீஷில் இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

4. ஆதாரில் இருப்பது நம் போன் நம்பர்தானா என்று பாருங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தால், ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு 1947 என்ற எண். தேவையில்லாத சமயத்தில் ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இருக்கிறது.

5. "மாசம் 2,000 தர்றேன், உங்க பேர்ல ஒரு கம்பெனி மட்டும் வச்சிக்கிறேன்" என்று வருவார்கள். இதற்குச் சம்மதித்தவரை ஏமாந்தவர் என்று சட்டம் பார்க்காது, கூட்டாளி என்றுதான் பார்க்கும்.

6. ஏற்கெனவே ஜி.எஸ்.டி. உள்ள குழுக்களுக்கு: பதிவில் இருக்கும் போனும் இ-மெயிலும் கணக்குப் பார்ப்பவருடையதா, உங்களுடையதா? இன்றே மாற்றுங்கள். அவர் கணக்கு எழுதட்டும், ஆனால் மெசேஜ் உங்கள் போனுக்கு வரட்டும். தொழிலை நிறுத்தினால் பதிவையும் முறையாக ரத்து செய்யுங்கள். கவனிப்பாரில்லாத பதிவைத்தான் மோசடிக்காரர்கள் தேடுவார்கள்.

7. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" என்ற இடத்தில் "சர்ச் பை பான்" என்று இருக்கும். பான் நம்பரை அடித்தால், அதன்மேல் எத்தனை பதிவு இருக்கிறது என்று காட்டிவிடும். பாஸ்வேர்டு வேண்டாம், பணமும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் உள்ள ஒரு பெண் குழுவில் இருந்தால், அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பேருக்கும் பார்த்துவிடலாம்.

இவ்வளவுக்கும் மீறி நோட்டீஸ் வந்துவிட்டால்? ஒளித்து வைக்காதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. நோட்டீசில் பதில் சொல்லத் தேதி போட்டிருக்கும். அது கடந்தால் நம்மைக் கேட்காமலே உத்தரவு போட்டுவிடலாம். உத்தரவே வந்துவிட்டாலும், மேல்முறையீட்டுக்கு 3 மாதம் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். நோட்டீசில் உள்ள அலுவலகத்துக்கு, "இந்தப் பதிவு என்னுடையது அல்ல, என் ஆவணங்களைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்" என்று எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புதல் ரசீது வாங்குங்கள். மோசடியாக எடுத்த பதிவை அதிகாரி ரத்து செய்ய ஜி.எஸ்.டி. சட்டம் 29-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. மாவட்ட சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். பணமும் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100. போனில் மிரட்டி, "இந்த நம்பருக்கு இப்பவே பணம் போடு" என்று சொன்னால் அது அதிகாரி அல்ல, இன்னொரு திருடன்.

அந்த அக்கா விஷயம் இன்னும் முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மனு கொடுத்தாயிற்று, புகார் ரசீதும் கையில் இருக்கிறது. இரண்டு முறை அலுவலகத்துக்கு நடந்தாயிற்று, இன்னும் நடக்க வேண்டியிருக்கும். முதல் தடவை அவர் தனியாகப் போகப் பயந்தார். குழுவிலிருந்து நான்கு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டுக் கூடவே போனார்கள். வீட்டுக்காரருக்கும் விஷயத்தைச் சொல்லியாயிற்று. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும்தான் அவர் கேட்டாராம்.

கடன் பாக்கிக்காக ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கிற நாம், காகிதத்துக்கும் பொறுப்பேற்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் பான் கார்டு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து சோதித்துப் பார்ப்போம், பார்த்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். யாராவது பெட்டிக்கடியில் ஒரு கவரை ஒளித்து வைத்திருந்தால், அதையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து பிரிப்போம்.