பந்தி இலையின் ஒழுங்கு



சுசீந்திரத்தில் எங்கள் தெருவில் பிறவியிலேயே பார்வையற்ற சிறுமி ஒருத்தி இருக்கிறாள். வயது ஒன்பது. ஒருநாள் அவளைத் தாணுமாலயன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். வாயிற்படி நெருங்கியதும், இடறிவிடுவாளோ என்று அஞ்சி அவள் கையைப் பற்றி இழுத்தேன். நான் இழுத்ததனால்தான் அவள் விழுந்தாள். முழங்காலில் இரத்தம் கசிந்தது. "படி இருக்கிறது என்று சொல்லியிருந்தால் போதுமே, மாமா" என்றாள். வயதில் மூத்த எனக்கு அது நல்ல பாடம்.

பார்வையற்றவரை நாம் இழுத்துச் செல்லலாகாது. அவர் நம் முழங்கையைப் பற்றிக்கொள்ள, நாம் அரையடி முன்னே நடக்கவேண்டும். படி வந்தால் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்லவேண்டும். அவ்வளவே. அன்று உள்ளே சென்றபின் அவளே எனக்கு வழிகாட்டினாள் எனலாம். வெண்ணெய் மணம் வந்ததும், "அனுமார் வந்துவிட்டார்" என்றாள். கூரை உயர்ந்த மண்டபத்தையும் தாழ்ந்த பிராகாரத்தையும் எதிரொலியைக் கொண்டே பிரித்தறிந்தாள். நானோ அந்த வெண்ணெய் மணத்தை அதற்குமுன் கவனித்ததே இல்லை!

அவள் வீட்டில் ஒருமுறை விருந்துண்டேன். நம் நாஞ்சில் நாட்டுப் பந்தியில் இலையின் நுனி இடப்பக்கம் இருக்கும். உப்பும் ஊறுகாயும் ஓரிடம், அவியல் ஓரிடம், சோறு நடுவே. இந்த ஒழுங்கு மாறாததால் அவள் எவர் உதவியுமின்றி உண்டாள். வீட்டிலும் அப்படியே. செம்பு வைத்த இடத்தில் செம்பு இருக்கும். கதவு முழுதும் திறந்திருக்கும், அல்லது முழுதும் மூடியிருக்கும். பாதி திறந்த கதவு அவள் நெற்றிக்குப் பகை. மங்கலாகப் பார்க்கும் குழந்தைகளுக்கும் இலை நல்லது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர்கள் கண்ணுக்குப் புலப்படாது. பச்சை இலையில் பளிச்சென்று தெரியும்.

படிப்புக்கும் வழி உண்டு. பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டிலேயே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். லூயி பிரெயில் வகுத்த ஆறு புள்ளிகளைக் கொண்டு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951இல் ஏற்பட்டது. தமிழ்க் குழந்தை 'க' என்று தடவும் புள்ளிகளையே மலையாளக் குழந்தையும் 'க' என்று தடவுகிறது. கண்ணுக்கு வேறாகத் தோன்றும் எழுத்துகள் விரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன!

இனி, கண்ணும் காதும் நன்றாக இருந்தும் இடர்ப்படும் பிள்ளைகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. அத்தகைய குழந்தைகள் பலருக்கு, நமக்கு இயல்பான ஓசையும் நெரிசலும் தாங்கமுடியாத வேதனையாகும். எங்கள் ஊர் மார்கழித் தேரோட்டத்தன்று அப்படிப்பட்ட சிறுவன் ஒருவன் மேளத்தையும் வெடியோசையையும் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டான். சுற்றியிருந்தோர், "அடித்து வளர்க்காத பிள்ளை" என்றனர். அவன் தாய் கூட்டத்தின் நடுவே தலைகுனிந்து நின்றாள். அந்த இரைச்சலினும் கொடியது அந்தப் பேச்சு. நானும் வாய் திறவாமல் நின்றேன் என்பதை மறைக்கமாட்டேன்.

அடுத்த ஆண்டு அவன் வீட்டார் வேறு வகை செய்தனர். ஒரு வாரம் முன்பிருந்தே தேரின் படத்தைக் காட்டி, எந்த நாளில் எங்கே போவோம், எப்போது திரும்புவோம் என்று நாள்தோறும் சொல்லிவந்தனர். தேர் நிலைக்கு வந்து, மேளம் ஓய்ந்து, கூட்டமும் கலைந்த பிறகே அவனை அழைத்து வந்தனர். தன்னைவிட உயரமான தேர்ச்சக்கரத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு அவன் நெடுநேரம் நின்றான். வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள்தான் அவனைக் கெஞ்சவேண்டியிருந்தது.