அடுக்களைக்கு ஒரு வானொலி

ஒரு பொருளை வாங்குமுன் என்னென்ன வினவ வேண்டும் என்று அறிவதும் கல்வியின் ஒரு கூறே. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்கு வினாத்தாள் வகுத்த நான், சென்ற ஆண்டு வினவ வேண்டியதை வினவாமல் ஒரு சிறு வானொலிப் பெட்டியை வாங்கி இடர்ப்பட்டேன். அதனையே இன்று சொல்லப் போகிறேன்.

காலஞ்சென்ற என் மாமியார் பாடிய தாலாட்டும் நலங்குப் பாட்டுமாக ஏழு பாடல்கள் ஒரு பழைய ஒலிநாடாவில் இருந்தன. நாடா நைந்து வருவதைக் கண்டு, அவற்றையும் வீட்டிலிருந்த பிற நாடாக்களையும் கணிப்பொறியில் ஏற்றிக் கோப்புகளாக்கினேன். கணிப்பொறியோ கூடத்தில் இருந்தது. என் மனைவிக்குப் பாட்டுக் கேட்க நேரம் வாய்ப்பதோ அடுக்களையில். ஆகவே, அழகாகத் தோன்றிய ஒரு சிறு பெட்டியை வாங்கி வந்து, அதில் பென்டிரைவைச் செருகினேன். பெட்டி வாய் திறக்கவில்லை. "அம்மா குரல் போயே போய்விட்டதா?" என்று அவள் கேட்டாள். எனக்கு மறுமொழி சொல்ல நா எழவில்லை.

குரல் எங்கும் போகவில்லை. பெட்டிக்கு என் கோப்பின் மொழி தெரியவில்லை, அவ்வளவே. குறுந்தட்டின் தரத்தில் நான்கு நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 42 மெகாபைட் இடங்கொள்ளும். செவிக்கு எளிதிற் புலப்படாதவற்றைக் கழித்துச் சுருக்கும் எம்.பி.3 முறையில், நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில், அதே பாடல் 4 மெகாபைட்டில் அடங்கும். நானோ ஒன்றையும் கழிக்காமல் சுருக்கும் ஃபிளாக் முறையில் சேமித்திருந்தேன். சிறு பெட்டிகள் பலவற்றுக்கு எம்.பி.3 மட்டுமே புரியும். மேலும், என் பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் என்னும் அமைப்பில் இருந்தது. பெட்டி அறிந்ததோ பழைய ஃபேட்32 ஒன்றே.

எனவே, வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் இவை. முதலாவது, எவ்வகைக் கோப்புகளை இப்பெட்டி படிக்கும்? இரண்டாவது, பாடல்களைப் பென்டிரைவிலிருந்து எடுக்குமா, வைஃபை வழியாகக் கணிப்பொறியிலிருந்து எடுக்குமா? பின்னதாயின் முழுத் தொகுப்பும் கைக்கெட்டும்; ஆனால் கணிப்பொறி உறங்கினால் பாட்டும் உறங்கும். தடித்த சுவர்கள் அலையை நலியச் செய்யும். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டி இயங்குவதால், அடுப்பு ஓடும்போது பாட்டு விக்குவதும் உண்டு. மூன்றாவது, தமிழ்ப் பெயர்களைத் திரையில் காட்டுமா? பல பெட்டிகள் வெறுங் கட்டங்களையே காட்டும். நான்காவது, மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா? ஐந்தாவது, ஈரக் கையாலும் திருகத்தக்க குமிழ் உண்டா? தொடுதிரை அடுக்களைக்கு ஒவ்வாது. இவற்றையெல்லாம் விற்பவர் சொற்கொண்டு நம்பாதீர்கள். உங்கள் பென்டிரைவையே கடைக்கு எடுத்துச் சென்று செருகிப் பாருங்கள்.

நான் பெட்டியை மாற்றவில்லை. பாடல்களை எம்.பி.3 ஆக்கி, ஃபேட்32 அமைப்பிலான சிறிய பென்டிரைவில் பதிந்தேன். நீராவியும் எண்ணெய்த் தெறிப்பும் எட்டாதவாறு, அடுப்புக்கு எதிர்ப்புறத்து அலமாரியில் பெட்டியை அமர்த்தினேன். மறுநாட் காலை தாலாட்டு ஒலித்தது. என் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். பாட்டு முடிந்ததும், "அந்த நாடாவை எறிந்துவிடாதீர்கள்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சொன்னதே முடிந்த முடிபு. மூலத்தைக் காப்பாற்றுங்கள், சுருக்காத கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள், சுருக்கியது அன்றாடப் பயனுக்கு இருக்கட்டும். பெட்டி பழுதானால் வேறு வாங்கலாம். குரலை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. உங்கள் வீட்டிலும் அத்தகைய நாடா ஒன்று இருக்கக்கூடும். இவ்விடுமுறையிலேயே தேடிப் பாருங்கள்.