மானைக் காணும் முறையும் அருளறமே



பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதரின் இலாஞ்சனம் மான் என்பதைச் சமண இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். பீடத்தில் செதுக்கப்பெற்ற மானை வணங்குவோர், மான் இனங்களை அவை வாழும் நிலத்திலேயே காண விழைந்தால், அதற்கு உகந்த இடம் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரை. வெளிமான்களைக் காக்கும்பொருட்டு 1967ஆம் ஆண்டில் அங்கே சரணாலயம் அமைக்கப்பெற்றது.

தொல்காப்பிய மரபியல் கூறும் புல்வாய் இவ்விலங்கே என்பர். புள்ளிமான் தன் கொம்பை உதிர்த்து மீண்டும் பெறும். வெளிமானின் முறுக்கேறிய கொம்போ வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். ஆண், வளர வளரக் கருமை பூணும். பெண்ணும் கன்றும் இளம்பழுப்பு நிறத்தன. அதிகாலையில் புல்வெளியோரம் அசையாது அமர்ந்திருப்போர் பலவற்றைக் காணலாம். கரிய ஆண் தலையுயர்த்தித் தன் எல்லைக்குள் உலவும். கண்ணருகே உள்ள சுரப்பியைப் புல்நுனியில் தேய்த்து எல்லை குறிக்கும். ஐயம் தோன்றின் ஒன்று துள்ளியெழ, மந்தை முழுதும் தொடர்ந்து துள்ளும்.

அருளுடையோரும் பிழைசெய்யும் இடம் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறு திங்கள் சுமந்து ஈன்ற கன்றைத் தாய் தொடக்க நாள்களில் புல்லிடை மறைத்துவிட்டு அகன்று மேயும். பாலூட்டத் திரும்பி வரும். தனித்துக் கிடக்கும் கன்றைத் தாயிழந்ததென எண்ணி எடுத்துவருவோர், தம் இரக்கத்தாலேயே அதனைத் தாயினின்று பிரித்தவராவர். ஐயமுண்டாயின் தொடாது விலகி நின்று வனத்துறையினர்க்கு அறிவித்தலே தக்கது.

சீமைக்கருவேலம் பரவிப் புல்வெளியைச் சுருக்குகின்றது. காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் அதே புல்லை மேய்கின்றன. 2018ஆம் ஆண்டின் கஜா புயலும் அக்கரையைத் தாக்கியது. இத்துணை நெருக்கடியில் வாழும் மந்தையை ஒரு நிழற்படத்திற்காக விரட்டுதல் அதன் மேய்ச்சல் பொழுதையும் வலிமையையும் பறிப்பதாகும்.

ஈரியா சமிதி காக்கும் துறவியர் நுகத்தடியளவு நிலம் நோக்கி அடியெடுத்து வைப்பர். அவ்வொழுக்கத்தில் ஒரு சிறு கூற்றையேனும் இல்லறத்தார் அப்புல்வெளிக்குத் தம்முடன் கொண்டுசெல்வாராக. உரத்த பேச்சின்றி, உணவு வீசாது, குறித்த பாதை விலகாது கண்டு மீள்வாராயின், புல்லிடைக் கிடக்கும் கன்று அச்சமின்றித் தன் தாயின் வரவை நோக்கியிருக்கும்.