சூறாவளிக் காலமும் முஃமினின் கடமையும்

 

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் நமது கிழக்குக் கரையோர மக்களுக்கு மழையையும் அச்சத்தையும் ஒருங்கே கொண்டுவரும் மாதங்களாகும். வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு வெப்பமடைந்திருக்கும் இக்காலத்தில், கடல்நீர் ஆவியாகி மேலெழுகின்றது, தாழமுக்கம் உருவாகின்றது, சில வேளைகளில் அது வலுவடைந்து சூறாவளியாகச் சுழல்கின்றது. வயலை விளைவிக்கும் அதே மழைமேகமே வீட்டை வீழ்த்தும் காற்றையும் சுமந்து வருகின்றது. காற்றை நற்செய்தி கூறும் அருட்கொடையாகவும், வரம்பு மீறிய சமூகத்தை அழித்த தண்டனையாகவும் அருள்மறை இரு வகையிலும் குறிப்பிடுவதை நாம் அறிவோம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கின் மூத்த தலைமுறை இன்னும் மறக்கவில்லை. சுமார் 900 உயிர்கள் பறிபோயின. கிடுகு வீடுகளும் ஓட்டு வீடுகளும் வேறுபாடின்றிச் சிதைந்தன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. சூறாவளியின் மையப்பகுதி ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். ஆபத்து நீங்கிவிட்டதென எண்ணி வெளியே வருவோரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று தாக்கிவிடும். எனவே, அதிகாரிகள் அறிவிக்கும் வரை இருக்கும் பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேறலாகாது என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

சகோதர சகோதரிகளே! ஒவ்வோர் அனர்த்தத்தின் பின்னரும் சிலரது நாவிலிருந்து ஒரு சொல் வெளிப்படுகின்றது. "அந்த ஊரார் செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்பதே அது. இச்சொல்லைக் கூற நமக்கு யார் அதிகாரம் தந்தார்? நீரில் மூழ்கி மரணிப்பவரும் இடிபாடுகளில் சிக்கி மரணிப்பவரும் ஷஹீதுகளின் அந்தஸ்தைப் பெறுகின்றனர் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அவர்கள் ஷஹீத் எனப் போற்றியவரை நாம் பாவி எனத் தூற்றுவது எவ்வகையில் நியாயமாகும்?

கருமேகத்தைக் காணும்போது நபியவர்களின் திருமுகம் நிறம் மாறும் என்றும், மழை பொழிந்த பின்னரே அக்கவலை நீங்கும் என்றும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஆது கூட்டத்தார் தம்மை நோக்கி வந்த மேகத்தை மழை தருவதென நம்பி ஏமாந்ததை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். காற்றின் நன்மையை வேண்டினார்கள். அதன் தீங்கிலிருந்து பாதுகாவல் தேடினார்கள். காற்றை ஏசுவதைத் தடுத்தார்கள். அவர்கள் பிறரைக் குற்றஞ்சாட்டவில்லை. தம் இறைவனையே முன்னோக்கினார்கள்.

அவ்வாறாயின், துஆ மட்டும் போதுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பணித்ததும் அதே நபியவர்கள்தாம். கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாது திரும்பிய உமர் (ரழி) அவர்கள், தாம் அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின் பக்கமே செல்வதாக விளக்கமளித்தார்கள்.

இதற்கு வங்காளதேச மக்களின் வரலாறு தெளிவான சான்றாகும். 1970 நவம்பரில் அக்கரையைத் தாக்கிய சூறாவளியில் குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது. அதன்பின் அங்கு முன்னெச்சரிக்கைத் திட்டம் உருவாக்கப்பட்டது. கரையோரத் தொண்டர்கள் ஒலிபெருக்கி ஏந்தி வீடுவீடாகச் சென்று எச்சரித்தனர். உயரமான புகலிடங்கள் கட்டப்பட்டன. 2007இல் 'சிட்ர்' எனும் கடுஞ்சூறாவளி தாக்கியபோது இறந்தோர் தொகை சுமார் 3,400 ஆக இருந்தது. அதுவும் பெருந்துயரே. எனினும் இரு தொகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1970இல் மாண்டவர்கள் 2007இல் வாழ்ந்தவர்களை விட ஈமானில் குறைந்தவர்களா? இல்லை. இடையில் மனிதர் மேற்கொண்ட முயற்சியில் அல்லாஹ் பரக்கத் செய்தான்.

ஆகவே, பள்ளிவாசல் நிருவாகிகளே! வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கை வந்தவுடன் உங்கள் ஒலிபெருக்கி அதை ஊருக்கு அறிவிக்கட்டும். பலத்த மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், தொழுகைக்கு அழைக்கும் வாசகத்துக்குப் பதிலாக வீடுகளிலேயே தொழுமாறு அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் முஅத்தினைப் பணித்தார்கள். மக்கள் வியந்தபோது, தம்மினும் மேலான நபியவர்களே இவ்வாறு செய்ததாகக் கூறினார்கள். சேறும் வழுக்கலுமே சலுகைக்குக் காரணமாயின், மரங்கள் முறிந்து விழும் காற்றில் முதியவர்களைப் பள்ளிக்கு வரச்செய்வது பேணுதல் ஆகுமா?

படகு உரிமையாளர்களே! கடனுக்கு அஞ்சிக் கடலுக்குச் செல்ல முனையும் தொழிலாளியைத் தடுத்து நிறுத்துங்கள். அவர் கரையில் இருக்கும் நாட்களில் அவரது அடுப்பு எரிய வழி செய்யுங்கள். அது உங்கள் ஸதக்காவில் சிறந்ததாக அமையலாம். வணிகப் பெருமக்களே! காற்று வீசுமுன் அரிசியையும் மெழுகுவர்த்தியையும் பதுக்கி, காற்று ஓய்ந்தபின் இருமடங்கு விலைக்கு விற்பது ஹலாலான இலாபமன்று. பதுக்கலைப் பாவச்செயல் என நபியவர்கள் கண்டித்துள்ளார்கள்.

குடும்பத் தலைவர்களே! அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துகள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு வையுங்கள். வீட்டருகே பட்டுப்போன கிளைகளை இப்போதே வெட்டுங்கள். அயலில் தனித்து வாழும் விதவையும் நடமாட இயலாத முதியவரும் யாருடன் வெளியேறுவார் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எனும் தொலைபேசி இலக்கத்தை மனதில் இருத்துங்கள்.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நம் நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. கரையில் நுழைந்த அது, மலையகத்தில் மண்சரிவாகவும் தாழ்நிலங்களில் வெள்ளமாகவும் மாறியது. மண்ணுக்குள் புதையுண்டோரை அது இனம் பார்த்துத் தெரிவு செய்யவில்லை. பசித்த அயலவரின் மதத்தை விசாரித்த பின்னர் உணவுப் பொதியை நீட்டுவதும் நமது மார்க்கமன்று.

யா அல்லாஹ்! இக்காற்றின் நன்மையை எங்களுக்குத் தந்தருள்வாயாக! அதன் தீங்கிலிருந்து எங்கள் நாட்டையும் மக்கள் அனைவரையும் காத்தருள்வாயாக! உன்மீது நம்பிக்கை வைத்து, எங்கள் கடமையையும் குறைவறச் செய்யும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.